சி-யில் எழுதியும் வேகம் கூடவில்லையே, ஏன்?

கேள்வி: பைத்தானில் 20 லட்சம் வரிகளுக்கு, அட்சரேகை தீர்க்கரேகையை வைத்து இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிடுகிறேன். மெதுவாக ஓடியதால் அந்த ஃபங்ஷனை மட்டும் சி-யில் எழுதி, சிடைப்ஸ் (பைத்தானிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் லைப்ரரி) மூலம் லூப்பில் கூப்பிடுகிறேன். நேரம் பெரிதாகக் குறையவில்லை. எங்கே கோளாறு?

பதில்: கோளாறு சி-யில் இல்லை, கூப்பிடுகிற விதத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் சிடைப்ஸ் பைத்தான் எண்களை சி-யின் டபுளாக (64-பிட் தசம எண்) மாற்ற வேண்டும், ஜிஐஎல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடுவது) விட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும், விடையை மறுபடி பைத்தான் ஆப்ஜெக்ட்டாக்க வேண்டும். இதெல்லாம் 20 லட்சம் தடவை! கணக்கு என்னவோ நாலைந்து சைன், காஸ்தான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

லூப்பை சி-க்குள் கொண்டு போய்விடுங்கள். நான்கு நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) அரேக்கள், விடைக்கு ஒரு காலி அரே, மொத்த எண்ணிக்கை, இவ்வளவையும் ஒரே அழைப்பில் கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. இரட்டைப் பரிமாண அரேயிலிருந்து ஒரு நெடுவரிசையை மட்டும் வெட்டி எடுத்தால் அதன் எண்கள் நினைவகத்தில் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்காது; சி-க்கு அது தெரியாது, பக்கத்து நெடுவரிசையின் எண்ணையும் சேர்த்துப் படித்துவிட்டு, எந்த எர்ரரும் காட்டாமல் தப்பான தூரத்தைக் கொடுக்கும். ஃப்ளோட்32 (டபுளில் பாதி அளவு எண்கள்) அரேயை டபுள் என்று நம்பிப் படித்தாலும் இதே கதிதான். அதனால் முதலில், எண்களை அடுத்தடுத்து அடுக்கித் தரும் நம்பையின் அஸ்கன்டிகுவஸ்அரே மூலம் ஃப்ளோட்64 (அதாவது டபுள்) ஆக்கிக்கொள்ளுங்கள். ஆர்க்டைப்ஸில் (சி ஃபங்ஷனுக்குள் போகிறவற்றின் டைப் பட்டியல்) நம்பையின் என்டிபாயின்ட்டர் வைத்து, டைப்பையும் 'தொடர்ச்சியாக இருக்க வேண்டும்' என்பதையும் குறிப்பிட்டுவிட்டால், தப்பான அரே வந்ததும் பைத்தானே நிறுத்திவிடும். ரெஸ்டைப்பையும் (திரும்பி வரும் விடையின் டைப்) மறக்க வேண்டாம், சொல்லாவிட்டால் வருவது இன்ட் (முழு எண்) என்றுதான் சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும்.

அப்புறம், ஜிசிசி (சி கம்பைலர்) பயன்படுத்தினால், வேகத்தைக் கூட்டும் ஓ2 ஆப்ஷன் கொடுத்தீர்களா? ஒன்றும் கொடுக்காவிட்டால் அது ஓ0, அதாவது ஆப்டிமைசேஷனே கிடையாது. ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷன் பக்கம் மட்டும் போகாதீர்கள். NaN (எண் இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) வரவே வராது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும், உங்கள் ஃபைலில் இடம் தெரியாத வரிகள் இருந்தால் அவை அப்படித்தான் வரும்.

எந்த ஃபங்ஷனுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் சி-புரொஃபைல் போட்டும் ஒரு தடவை பாருங்கள். 100 வினாடியில் 60 வினாடி சிஎஸ்வி படிக்கவே போகிறது என்றால், கணக்கைப் பூஜ்யமாக்கினாலும் அந்த 60 அப்படியே நிற்கும். என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு சி-யே தேவைப்படாமல் போகலாம். நம்பையின் சைன், காஸ் முழு அரேயையும் ஒரே வீச்சில் எடுத்துக்கொள்ளும், அதை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு சி-யைத் தொடுங்கள்.