பவுனை அடகு வைத்துப் பவுண்ட்ஸ் அனுப்பலாமா?

கேள்வி: நான் உப்புவெளியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்ஷன் 58,000 ரூபாய். மகள் போன வருடம் ஸ்பவுஸ் விசாவில் லண்டனுக்குப் போனாள். இப்போது வயிற்றில் ஒன்பது கிழமை. மூன்று நாளாக இடைக்கிடை ரத்தம் படுகிறதாம். வெளிநாட்டு ஆட்களுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் காசு, பிரைவேட்டில்தான் காட்ட வேண்டும் என்று மருமகனின் அக்கா ஏழு இலட்சம் கேட்கிறார். மாசியில் அவர்களுடைய வீட்டு அட்வான்ஸுக்காகக் காப்புகளை வைத்து நாலு இலட்சம் அனுப்பினேன். நேற்றுத் தாலிக்கொடியையும் வைத்து ஏழு இலட்சம் எடுத்துவிட்டேன், வட்டி 18 வீதம். இன்னும் அனுப்பவில்லை. மகளுக்கு வெளிநாட்டு மெடிக்கல் காப்புறுதி போட்டுத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். என்ன செய்ய?

பதில்: அம்மா, காசுக் கதை பிறகு. இதை வாசித்தவுடன் மகளுக்கு ஃபோன் எடுங்கள். அங்குள்ள அரசாங்க மருத்துவ ஆலோசனை எண்ணான 111-க்கு அழைத்து, ஒன்பது கிழமை, ரத்தம் படுகிறது என்று அவளே சொல்லட்டும். எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். ஆரம்பக் கர்ப்பத்தைப் பார்க்கவென்றே அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் தனிப் பிரிவு உண்டு, ஸ்கேன் அங்கேயே எடுப்பார்கள். முதல் மூன்று மாதத்தில் ரத்தம் படுவது பலருக்கும் நடப்பதுதான், எல்லாம் கருச்சிதைவில் முடிவதில்லை. ஆனால் வயிற்றில் ஒரு பக்கம் குத்தினாலோ, தோள்மூட்டு நுனியில் நொந்தாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ, பேட் நனைந்து ஊறினாலோ 111-க்குக் காத்திருக்காமல் அவசர அம்புலன்ஸ் எண்ணான 999-க்கு அழைக்கட்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. ஆங்கிலம் தடக்கினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், அதற்கும் காசில்லை.

இனிக் காசு. ஸ்பவுஸ் விசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கட்டணம் என்று ஒன்றைக் கட்டியிருப்பீர்கள். 2024 மாசியிலிருந்து அது வருடத்துக்கு 1,035 பவுண்ட்ஸ். முதல் ஸ்பவுஸ் விசாவுக்கு மொத்தம் 3,105. பவுண்ட் ஒன்று 400 ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல்! அந்தக் காசுக்குத்தான் ஸ்கேன், மருத்துவிச்சி, பிரசவம் எல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் அடங்குகிறது. கர்ப்பிணிச் சான்றிதழ் எடுத்தால் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்பது விசிட் விசாவில் போகிறவர்களிடம். மருமகனின் அக்கா அதைக் கேள்விப்பட்டுக் குழப்பியிருக்கலாம், பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. லண்டனிலிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தால் மறுநாள் காலையில் நீங்கள் அடகுக் கவுண்டரில் நிற்கிறீர்கள். மாசியிலும் அப்படித்தான், நேற்றும் அப்படித்தான். நாலு இலட்சத்துக்கு மாத வட்டி 6,000, ஏழு இலட்சத்துக்கு 10,500. கூட்டினால் 16,500; பென்ஷனில் கால்வாசிக்கு மேல், அதுவும் வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும், நகை அங்கேயே இருக்கும். திருகோணமலை ஆஸ்பத்திரியில் காசு கட்டாமலே பிள்ளை பெற்ற நாங்கள், வெளிநாடு என்றவுடன் எல்லாவற்றுக்கும் காசுதான் என்று நம்பிவிடுகிறோம்.

ஆகவே நாளைக் காலை அந்த ஏழு இலட்சத்தோடு போய்த் தாலிக்கொடியை மீட்டுக்கொண்டு வாருங்கள். சில நாள் வட்டி போகும், போகட்டும். காப்புகளுக்கு மாதம் 10,000 கட்டினால் 6,000 வட்டிக்குப் போய் 4,000தான் முதல் தொகையில் கழியும். கையில் சேமிப்பு இருந்தால் அதைப் போட்டு மீட்பதே லாபம். இல்லையென்றால் வளையல் இரண்டை விற்று மிச்சத்தை மீட்பதையும் யோசியுங்கள், மனசு கேட்காது என்று தெரியும்.

அந்தக் காப்புறுதியை விட்டுவிடுங்கள். ஏற்கனவே வயிற்றில் இருக்கும் பிள்ளையின் செலவைப் பெரும்பாலான பொலிசிகள் ஏற்பதில்லை. அந்த ஒற்றை வரி கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும், விற்கிறவர் வாசித்துக் காட்டமாட்டார். பேறு பார்க்க நீங்கள் விசிட் விசாவில் போவதாக இருந்தால் காப்புறுதி தேவைப்படுவது உங்களுக்குத்தான். விசிட் விசாவில் போனவர் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தால் சாதாரணச் செலவின் ஒன்றரை மடங்கு பில் வரும்.

மறுபடி காசு கேட்டால், ஆஸ்பத்திரி தந்த பில்லைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மகளிடமே சொல்லுங்கள், மருமகனின் அக்காவிடம் வேண்டாம்.