சுழியோடியைக் காணவில்லை: படகில் என்ன செய்வது, நீரில் என்ன செய்வது

கல்குடாவில் சோடியாக இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் கூட வந்தவரைக் காணவில்லை. எவ்வளவு நேரம் தேடலாம்?

ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மேலும் கீழும் சுற்றிப் பாருங்கள், குமிழிகளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அவசரப்படாமல் மேலே வாருங்கள். அவரும் அதையே செய்தால் மேலே சந்திப்பீர்கள். மூழ்கிய கப்பல் பக்கம் என்றால், உள்ளே போயிருப்பாரோ என்று நீங்கள் தனியே நுழைய வேண்டாம்.

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் போர்க்கப்பல் வேறு கணக்கு. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையோ 40 மீற்றர். அங்கே போனவர் இடையிடையே தரித்துத்தான் மேலே வரவேண்டும். துணையைக் காணவில்லை என்று அதைத் தவிர்த்து ஏறினால் உடலில் வாயுக் குமிழிகள் உண்டாகி அழுத்த நோய் வரலாம், இரண்டாவது நோயாளி நீங்கள்தான். பிரிந்தால் என்ன செய்வதென்று கல்லடிக் கரையிலேயே பேசிவிட்டுப் போங்கள்.

நான் வாழைச்சேனையில் படகு ஓட்டுகிறேன். சொன்ன நேரத்துக்கு ஒருவர் வராவிட்டால் நானே குதித்துத் தேடலாமா?

குதிக்காதீர்கள், தம்பி. நீங்கள் இறங்கினால் படகு யார் கையில்?

முதலில் நேரத்தைக் குறித்து, ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் பதியுங்கள். கடைசியாகக் குமிழி கண்ட இடத்தில் கல்லும் கயிறும் கட்டிய மிதவை ஒன்றைப் போடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். காற்றும் நீரோட்டமும் படகை நகர்த்திவிடும், பிறகு தேடுவதெல்லாம் தப்பான இடத்தில். அப்புறம் தலைகளை எண்ணுங்கள். பக்கத்துப் படகில் ஏறி உட்கார்ந்திருப்பவரைக் கடலுக்குள் தேடிய கதையும் உண்டு.

வேறு வேலை இல்லாமல் கடலைப் பார்க்க மட்டும் ஒருவரை நிறுத்துங்கள். நீரோட்டம் போகும் பக்கம் கூடுதலாகப் பார்க்கட்டும். ‘வந்துவிடுவார்’ என்று காத்திராமல் படகு வானொலியில் (விஎச்எஃப்) 16ஆம் அலைவரிசையில் அறிவியுங்கள். கரையில் பொலிஸ் 119க்கும், அம்புலன்சுக்கு 1990க்கும் யாராவது அழைக்கட்டும். அருகே மீனவர்கள் இருந்தால் கூப்பிடுங்கள். அன்றைய நீரோட்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கீழே தேடுவது பயிற்சி பெற்ற இருவர் வேலை. மிதவைக் கயிற்றிலிருந்து வட்டமாக, நேரம் வைத்துத் தேடுவார்கள். ஆழத்திலிருந்து இப்போதுதான் ஏறியவரை மறுபடி அனுப்பாதீர்கள். நீரில் ஆட்கள் இருக்கும்போது இஞ்சினில் கவனம். சிலிண்டர் காற்று முடிந்திருக்கும் நேரம் கடந்தாலும் மேற்பரப்பில் தேடுவதை விடவே கூடாது, அவர் மிதந்துகொண்டிருக்கலாம்.

அறுகம்பே பக்கம் மேலே வந்தபோது படகு வெகு தூரத்தில். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

சுழியோடும்போது அணியும் மிதவை அங்கியில் காற்றை நிரப்பி, தேவைப்பட்டால் எடைப்பட்டியைக் கழற்றிவிட்டு மிதந்திருக்க வேண்டும். நீரோட்டத்துக்கு எதிரே நீந்திக் களைக்காதீர்கள். அலைக்குள் மனிதத் தலை மிதக்கும் தேங்காய் மாதிரித்தான், கண்ணில் படாது. உயர்த்திப் பிடிக்கும் செம்மஞ்சள் குழாய் மிதவை ஒன்று எப்போதும் கையோடு இருக்கட்டும். விசிலும் வேண்டும், ஆனால் இஞ்சின் ஓடும் படகில் அது கேட்காது.

கிடைத்தவர் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். வீட்டுக்கு அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். படுக்க வைத்து ஒட்சிசன் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அழுத்த நோயின் குறிகள் பல மணி நேரம் கழித்தும் வரலாம். நீர் குடித்திருந்தால் மூச்சுத்திணறலும் பிந்தி வரலாம். மூட்டு வலி என்றால் திரும்பக் கடலுக்குள் இறக்கிச் சுகப்படுத்துகிறேன் என்று யாராவது வந்தால் விடவே வேண்டாம். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், அன்று எத்தனை தடவை இறங்கினார் என்று ஒரு துண்டில் எழுதி டொக்டர் கையில் கொடுங்கள்.