சோனி வீழ்ந்துவிட்டதா?

கேள்வி: டிவி கடைக்குப் போனால் சாம்சங், எல்ஜிக்குப் பிறகுதான் சோனியைக் காட்டுகிறார்கள். செல்போனில் ஆளையே காணோம். எங்கள் எம்.பி.ஏ. வகுப்பில் கோடக், நோக்கியாவோடு சோனியையும் சேர்த்து, ‘புதுமை செய்வதை நிறுத்தியதால் வீழ்ந்த நிறுவனம்’ என்று பாடம் நடத்துகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– ஒரு மாணவர், கோவை

பதில்: வீழ்ந்தது என்பதும் தப்பு, புதுமையை நிறுத்தியது என்பதும் தப்பு. உங்கள் வகுப்பில் யாரிடமாவது ஐபோன் இருக்கிறதா? அதன் கேமராவுக்குள் இருக்கும் சென்சார், அதாவது படத்தைப் பிடிக்கும் சில்லு, பெரும்பாலும் சோனியுடையது. எந்தப் பாகத்தை யாரிடம் வாங்குகிறோம் என்று ஆப்பிள் லேசில் வாய் திறக்காது. அந்த ஆப்பிளின் தலைவர் டிம் குக், 2022 டிசம்பரில் சோனியின் சென்சார் ஆலை இருக்கும் ஜப்பானின் குமமோட்டோவுக்கே போய், பத்தாண்டுகளுக்கும் மேலாக சோனியோடு சேர்ந்து கேமரா சென்சார் உருவாக்குகிறோம் என்று ட்விட்டரில் எழுதினார். வீழ்ந்த கம்பெனியின் வாசலுக்கு இப்படி யாரும் போவதில்லை.

சோனி சில இடங்களில் தோற்றது உண்மைதான். ஆனால் தோற்ற விதம் வேறு. சோனியின் கையடக்க கேசட் பாட்டுப் பெட்டி வால்க்மேன் வந்தது 1979-இல். ஆப்பிளின் டிஜிட்டல் பாட்டுப் பெட்டி ஐபாட் வந்தது 2001-இல். இந்த 22 வருடமும் சோனி தூங்கிக்கொண்டிருந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஐபாடுக்கு இரண்டு வருடம் முன்பே, 1999-இல், சோனி டிஜிட்டல் பாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. வால்க்மேன் பிரிவு மெமரி ஸ்டிக் என்ற சோனியின் நினைவு அட்டையில் ஓடும் ஒன்றைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் செய்யும் வயோ பிரிவு, மியூசிக் கிளிப் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

அதற்கு மேல் மூன்றாவதாக ஒரு பங்காளி இருந்தார். 1988-இல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு சோனி வாங்கியிருந்தது. பாட்டு விற்கிறவருக்குத் திருட்டு நகல் பயம். கருவி விற்கிறவருக்கு எல்லாப் பாட்டும் எளிதாக ஏற வேண்டும். இரண்டு பேரும் ஒரே முதலாளியின் ஆட்கள். விளைவு என்ன? ஊரெல்லாம் எம்பி3 கேட்டுக்கொண்டிருக்க, சோனி பெட்டியில் அதை ஏட்ராக் என்ற சொந்த வடிவத்துக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். 2004-இல்தான் வளைந்துகொடுத்தார்கள். அதற்குள் ஆப்பிள் ஐட்யூன்ஸ் என்ற இணையப் பாட்டுக் கடையே திறந்துவிட்டது. (அடுத்த வருடம் சோனியின் இசைக் கூட்டு நிறுவனம், நகலெடுப்பதைத் தடுக்கிறேன் என்று சிடிக்குள் ஒரு ரகசிய மென்பொருளை ஒளித்துவைத்து, வழக்கு வரை போய் அசிங்கப்பட்டது தனிக்கதை.) இதில் புதுமைக் குறைவு எங்கே இருக்கிறது? இது நிர்வாகக் கோளாறு.

டிவி கதை இன்னும் எளிது. 1968-இல் வந்த டிரினிட்ரான் என்ற சோனியின் பழைய படக்குழாய் டிவி அளவுக்கு மீறி நன்றாக விற்றது. அதனால் தட்டை டிவிக்கு மாற மனம் வரவில்லை. மாறியபோது சொந்தமாக பேனல், அதாவது திரை, இல்லை. 2004-இல் சாம்சங்கோடு கூட்டு சேர்ந்து தொழிற்சாலை வைத்து, 2011 டிசம்பரில் தன் பங்கை சாம்சங்குக்கே விற்றுவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது. டிவி பிரிவு பத்து வருடம் தொடர்ந்து நஷ்டம். 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் மொத்த நிறுவனத்தின் நஷ்டம் 45,600 கோடி யென்னுக்கு மேல்.

அந்த நிலையில் சோனியின் தலைமைப் பொறுப்பேற்ற கசுவோ ஹிராய் செய்ததைத்தான் உங்கள் பாடத்தில் சேர்க்க வேண்டும். எண்ணிக்கைப் போட்டியிலிருந்து விலகினார். கம்மி விலை டிவியை விட்டுவிட்டு விலை உயர்ந்த பெரிய திரைகளில் கவனம் வைத்தார். 2014-இல் வயோ கம்ப்யூட்டர் பிரிவை விற்றார், டிவியைத் தனி நிறுவனமாகப் பிரித்தார். 2015 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக் கணக்கில் டிவி லாபம் காட்டியது. கடையில் சோனி பின்வரிசையில் தெரிவது இந்த முடிவின் விளைவு. செல்போன் விஷயத்தில் மட்டும் உங்களோடு சண்டை போட மாட்டேன். எக்ஸ்பீரியா சுத்தத் தோல்வி.

சென்சாருக்கு வருவோம். இது திடீர் அதிர்ஷ்டம் இல்லை. 1970-களில் சோனியின் கசுவோ இவாமா, சிசிடி என்ற பட உணரிச் சில்லுக்காகப் பிடிவாதமாகப் பணம் கொட்டினார். 1980-இல் சோனியின் முதல் சிசிடி கேமரா ஜப்பானிய ஜம்போ விமானங்களில் பொருத்தப்பட்டது, விமானம் ஏறி இறங்குவதைப் பயணிகள் பார்ப்பதற்காக. 1982-இல் இவாமா இறந்தார். அவர் கல்லறைக் கல்லில் ஒரு சிசிடி சில்லைப் பதித்தார்கள். காலாண்டு லாபத்தை மட்டும் பார்க்கிற நிர்வாகம் அந்தப் பிரிவை எப்போதோ இழுத்து மூடியிருக்கும். 2016 ஏப்ரலில் குமமோட்டோவில் நிலநடுக்கம் வந்து சோனி ஆலை நின்றபோது, நிக்கான் தன் புதுக் கேமராக்களைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. போட்டிக்காரரும் காத்திருக்கிற இடம் அது.

இதில் எனக்குப் பிடித்த முரண் இசைப் பிரிவுதான். வால்க்மேனின் கழுத்தை நெரித்த அதே பிரிவு இன்று கம்பெனிக்குச் சோறு போடுகிறது. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு, எந்தக் கருவியில் கேட்டாலும் பாட்டுக்குச் சொந்தக்காரருக்குக் காசு வந்துவிடுகிறது. சோனி இதைப் புரிந்துகொண்டு, 2016-இல் மறைந்த பாடகர் மைக்கேல் ஜாக்சனின் சொத்து நிர்வாகிகள் வைத்திருந்த, சோனியோடு கூட்டான இசைப் பதிப்பகத்தின் பங்கை 75 கோடி டாலருக்கும், 2018-இல் இஎம்ஐ இசைப் பதிப்பகத்தின் பெரும்பங்கை சுமார் 230 கோடி டாலருக்கும் வாங்கியது. அமெரிக்க முதலீட்டாளர் டேனியல் லோப் 2013-இல் பொழுதுபோக்குப் பிரிவில் ஒரு பகுதியைப் பிரித்து விற்கச் சொன்னார், 2019-இல் சென்சார் பிரிவைக் கழற்றிவிடச் சொன்னார். இரண்டு முறையும் சோனி மறுத்தது. மறுத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருப்பதே பலம் என்று இப்போது அவர்கள் பேசும்போது, 1999-இல் அதே கூரை என்ன செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் இன்றைய குறைகளைச் சொல்லுங்கள். சென்சார் வருமானம் பெரும்பாலும் செல்போனை நம்பி, அதிலும் சில பெரிய வாடிக்கையாளர்களை நம்பி நிற்கிறது. சாம்சங்கும் சென்சார் செய்கிறது. வீடியோ கேம் பிரிவான பிளேஸ்டேஷன் பக்கம், 2024 ஆகஸ்டில் வெளியிட்ட கான்கார்ட் என்ற விளையாட்டை ஆள் வராததால் இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றார்கள். பல வருட உழைப்பு அது. வகுப்பில் விவாதிக்க இதுவே போதும்.