டிரம்மர் மண்: கறுப்புக்கு அடியில் சாம்பல் (கேள்வி பதில்)

நடு இல்லினாயில் மண் வரைபட வேலை பார்க்கிறேன். அமெரிக்கப் புல்வெளி நாட்டின் டிரம்மர் மண்ணைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகள் கீழே. மண் உருவான விதம், வகைப்பாடு, வடிகால் இவை என் துறை. உர அளவும் நில விலையும் எனக்குத் தெரிந்த விஷயமில்லை.

கேள்வி: டிரம்மர் என்பது ஆள் பெயரா? இந்த மண் அப்படி என்ன விசேஷம்?

ஃபோர்டு கவுண்டியில் ஓடும் டிரம்மர் ஓடையின் பெயர் அது. 1929இல் இதைத் தனி மண் தொடராகப் பதிவு செய்தார்கள். இல்லினாயில் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருக்கிறது. 2001இல் மாநில மண்ணாகவும் அறிவித்தார்கள். மக்காச்சோளமும் சோயாவும்தான் இதில் பயிர்.

மண் துளைக்கும் கருவியான ஆகரை இறக்கி முதல் முழத்தை வெளியே எடுத்தால் ஈரமான கறுப்பு மண் வரும். விரலிடையில் தேய்த்தால் மாவுபோல் வழவழக்கும். கொஞ்சம் பிசைந்து கட்டைவிரலால் தள்ளினால் நாடா மாதிரி நீளும். மாவுத்தன்மை வண்டலால் (மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய துகள்), நீளுவது களியால். அடுத்த முழம்தான் எனக்கு முக்கியம்: கறுப்பு மறைந்து சாம்பல் நிறம், நடுநடுவே துருப்பிடித்த ஆணி நிறத்தில் புள்ளிகள். அந்தச் சாம்பலைப் பார்க்காமல் இந்த மண்ணுக்குப் பெயர் வைக்க முடியாது.

கேள்வி: சார், வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவி. 'டிபிக் எண்டோஅக்வால்' என்று பாடத்தில் வருகிறது. மனப்பாடம் பண்ண முடியவில்லை.

மனப்பாடம் வேண்டாம் அம்மா. அது டிரம்மரின் வகைப்பாட்டுப் பெயர், வாலிலிருந்து படியுங்கள். 'ஆல்' என்றால் மொலிசால் என்ற மண் வரிசை. மென்மை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தடித்த, கருத்த, காய்ந்தாலும் கல்லாகாத மேல்மண் இருக்க வேண்டும். மண் பிடித்துவைக்கக்கூடிய அளவில் கால்சியம், மக்னீசியம் போன்ற காரச் சத்துகளின் நிறைவு 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'அக்வ' என்றால் நீர். ஆண்டில் ஒரு பகுதி நீர் நிறைந்து, காற்றில்லாமல் கிடந்த மண். 'எண்டோ' என்றால் அந்த நீர் அடியிலிருந்து, நிலத்தடி மட்டம் உயர்ந்து வந்தது. மேலே தேங்கியதானால் 'எபி' என்போம். 'டிபிக்' என்றால் அந்தக் குழுவின் இயல்பான உறுப்பினர்.

சாம்பல் எப்படி வந்தது என்று தேர்வில் கேட்பார்கள். காற்றில்லாத ஈர மண்ணில் நுண்ணுயிர்கள் இரும்பை ஒடுக்கிவிடும், அதாவது துருவை நீரில் கரையும் வடிவுக்கு மாற்றிவிடும். ஒடுங்கிய இரும்பு நீரில் கரைந்து நகரும். துருவின் செம்பழுப்பு போய், துகளின் சொந்தச் சாம்பல் நிறம் வெளியே தெரியும். வேர்த் துளை வழியே காற்று நுழைந்த இடத்தில் அதே இரும்பு மறுபடி துருவாகப் படியும். புள்ளிகள் அவைதான்.

கேள்வி: அங்கே எல்லா வயலிலும் குழாய் புதைத்து நீரை வடித்துவிட்டார்களே. பிறகும் ஏன் நீர் மண் என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. வகைப்பாட்டு விதியே இதற்கு இடம் வைத்திருக்கிறது: செயற்கையாக வடித்த நிலமும் அக்வால்தான். குழாய் புதைத்து நூறாண்டு ஆனாலும் சாம்பல் போய்விடாது. முன்பு சுட்ட களிமண் குழாய், இப்போது துளையிட்ட பிளாஸ்டிக் குழாய், மூன்று நான்கு அடி ஆழத்தில். குழாய் இல்லாவிட்டால் வசந்தத்தில் டிராக்டர் இறங்காது. உலகின் வளமான மண் என்று புகழும் எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள். அதே குழாய் வழியாகத்தான் நைட்ரேட்டும் ஓடைக்கு இறங்கி, மிசிசிப்பி வழியே மெக்சிகோ வளைகுடா வரை போகிறது.

கேள்வி: கறுப்பா இருந்தாலே வளமான மண்தானே?

இல்லை. நிறத்தை மட்டும் பார்த்து மண்ணை எடைபோடாதீர்கள்.

கேள்வி: அண்ணே, கோவில்பட்டிக்காரன். நீங்க சொல்றது நம்ம கரிசல்தானே? இங்கிலீஷ் பேர் வச்சுட்டா வேற மண்ணாகிடுமா?

இல்லை தம்பி, இரண்டும் வேறு. கரிசல் பெரும்பாலும் வெர்டிசால் என்ற வேறு மண் வரிசை. களிதான் அதன் உயிர்; பல இடங்களில் பாதிக்குப் பாதி களி. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் ஸ்மெக்டைட் வகை. அங்ககப் பொருளோ ஒன்றரை சதவீதம்கூடத் தேறுவது அரிது. அந்தக் கொஞ்சமும் களியோடு இறுகப் பிணைந்திருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. டிரம்மரின் மேல்மண்ணில் அங்ககப் பொருள் 4 முதல் 7 சதவீதம். அதன் கறுப்பு புல் தந்த கறுப்பு.

பனிப்பாறை பின்வாங்கியபோது உருகிய நீர் மணலும் வண்டலும் பரப்பிவிட்டுப் போனது. அதன்மேல் ஆற்றுப் படுகைகளிலிருந்து காற்று அள்ளி வந்த லோயஸ் என்ற மென்தூள் மூன்றரை முதல் ஐந்து அடி படிந்தது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டு ஆளுயரப் புல். புல்லின் வேர் மண்ணுக்குள்ளேயே செத்து மட்கும். ஈரமும் குளிரும் அந்த மட்கைச் சிதையவிடாமல் காத்தன. பக்கத்து மேட்டில் ஓக் மரம் நின்ற இடத்தைத் தோண்டிப் பாருங்கள்: அதே லோயஸ், ஆனால் மேல்மண் மெலிந்து வெளுத்திருக்கும். அது ஆல்ஃபிசால் என்ற இன்னொரு வரிசை.

கேள்வி: அதே கோவில்பட்டிக்காரன். வறட்சியில டிரம்மர் வயலும் வெடிச்ச படம் பார்த்தேன். இப்ப என்ன சொல்றீங்க?

வெடிக்கும், மறுக்கவில்லை. அதிலும் களி முப்பது சதவீதம் அளவுக்கு உண்டு. ஆனால் வெர்டிசால் என்று சொல்ல வெடிப்பு மட்டும் போதாது. மண்ணுக்குள் பாளத்தோடு பாளம் உரசி வழுக்கிய தடம் வேண்டும்: சாய்வாக, தேய்த்த கல்போல் பளபளக்கும் முகங்கள். வழுக்குப் பரப்பு என்போம். டிரம்மரில் அதைக் காண மாட்டீர்கள்.

கேள்வி: கனடாவில் சஸ்காச்சுவான் ரெஜைனாவில் இருக்கிறேன். இங்கும் புல்வெளிதான். ஆனால் களிமண் உப்பிச் சுருங்கி வீட்டு அடித்தளமே விரிசல் விடுகிறது. கோவில்பட்டி நண்பர் சொல்வதுதானே சரி?

உங்கள் ஊரைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ரெஜைனா பழைய பனிப்பாறை ஏரியின் அடித்தளம். தேங்கிய நீரில் கனத்த களி படிந்தது. கனடா வகைப்பாட்டில் வெர்டிசால் வரிசை 1998 பதிப்பில்தான் தனியாகச் சேர்ந்தது. ரெஜைனா களி அதற்குள் வருகிறது. ஆக, கரிசலின் உறவுக்காரன் புல்வெளியில் உண்டு, ஆனால் அது டிரம்மர் அல்ல. புல்வெளி என்றாலே டிரம்மர் மாதிரி ஒரே மண் என்பதுபோல் பேசியது என் தவறு. திருத்திக்கொள்கிறேன்.

கேள்வி: ஏக்கர் என்ன விலை?

என் துறையில்லை. அந்தந்த ஊர் நிலத்தரகரைக் கேளுங்கள்.

கேள்வி: மாடித்தோட்டத்துக்கு ஒரு பை அனுப்ப முடியுமா?

முடியாது. பூச்சி, நோய்க்கிருமி காரணமாக அனுமதி இல்லாமல் மண்ணை நாடு கடத்த விடமாட்டார்கள்.

கேள்வி: கறுப்பு மண் என்பதால் உரமே போடாமல் விளையுமா?

மேலே சொன்னதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். நிறம் பதில் சொல்லாது. இல்லினாயின் அர்பானாவில் மாரோ சோதனை வயல் 1876இலிருந்து நடக்கிறது. அதில் ஒரு பகுதியில் இன்றுவரை மக்காச்சோளம்தான் திரும்பத் திரும்ப. எருவும் உரமும் இல்லாத பாத்திகளில் மட்கு வெகுவாகக் குறைந்துபோனது. அந்த வயலில் நிழல் விழக்கூடாதென்று பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்தை நிலத்துக்கு அடியில் கட்டினார்கள். மண்ணுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த இடத்திலேயே மட்கு தேய்ந்தது என்றால் மற்ற வயல்களை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: கறுப்பு மண்ணை ஈரத்தில் உழலாமா?

கூடாது. கூடவே கூடாது. ஈரத்தில் ஏறிய சக்கரம் துளைகளை நசுக்கும். பிறகு குழாய் இருந்தும் நீர் இறங்காது. பிடியளவு மண்ணை உருட்டிப் பாருங்கள். உதிராமல் உருண்டையாக நின்றால் காத்திருங்கள்.

கேள்வி: அண்ணே, கோவில்பட்டிதான். நேத்து நம்ம காட்டுல மார்பளவு குழி வெட்டிப் படம் அனுப்பியிருக்கேன். பார்த்துட்டுச் சொல்லுங்க.

பார்த்தேன் தம்பி, மூன்று முறை பார்த்தேன். முழங்கால் ஆழத்துக்குக் கீழே, மண்வெட்டிப் பிடிக்கு இடதுபுறம், சாய்வாக ஒரு முகம் வெளிச்சத்தில் மின்னுகிறதே, அதுதான் வழுக்குப் பரப்பு. உங்கள் காட்டு மண் வெர்டிசால் என்பதற்கு அது நல்ல சாட்சி. அந்தத் துண்டை உடைக்காமல் தாளில் சுற்றி வையுங்கள். குழியை மட்டும் இன்றைக்கே மூடிவிடுங்கள், மேய்ச்சலுக்கு வரும் ஆடு விழுந்துவிடும்.