மண் பாக்டீரியா கேப்சூல் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்தி கூடுமா?

சர்க்கரை நோய் உள்ள உங்கள் அம்மாவுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, மண் பாக்டீரியா ப்ரோபயாட்டிக்கை (குடலுக்கு நல்லது என்று உயிரோடு கொடுக்கும் பாக்டீரியாவை) மாதாமாதம் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சளிக்காக என்றால் வேண்டாம். குடியாத்தத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். "அண்ணா, எதிர்ப்பு சக்திக்கு அந்தத் தண்ணி மருந்து குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

மண் என்றதும் பயப்பட வேண்டாம், உள்ளே மண் கிடையாது. மண்ணில் காணப்படும் பேசில்லஸ் சப்டிலிஸ், கோயாகுலன்ஸ், கிளாசி ஆகிய பாக்டீரியாக்களைத் தொழிற்சாலையில் வளர்த்து எடுக்கிறார்கள். இவை கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு ஸ்போராக உறங்கும், வயிற்று அமிலத்துக்கும் சாகாது. கிளாசி வருவது 5 மில்லி பிளாஸ்டிக் குப்பியில். குலுக்கினால் லேசாகக் கலங்கும், தலையைத் திருகிவிட்டு அப்படியே குடிக்கலாம். ஒரு குப்பியில் 200 கோடி ஸ்போர். ஃப்ரிட்ஜ் தேவையில்லை என்பது நம் ஊர் வெயிலுக்குப் பெரிய வசதி. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கு டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள், அந்த இடத்தில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் குடலில் உயிரோடு இருப்பது வேறு, நோயைத் தடுப்பது வேறு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் 60 முதல் 74 வயது வரையிலான 100 பேரில் ஒரு பாதிக்கு சப்டிலிஸ், மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். சப்டிலிஸ் சாப்பிட்டவர்களின் எச்சிலிலும் மலத்திலும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் கூடியது. சளி, காய்ச்சலோடு கழிந்த நாட்களில் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்த 100 பேரில் 44 பேரை மட்டும் தனியாகப் பார்த்தபோது, சப்டிலிஸ் சாப்பிட்டவர்களுக்குச் சுவாசத் தொற்று குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் விஷயம்தான், அதை வைத்து மாதாமாதம் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் வேலூரிலேயே குழந்தைகளுக்கு ப்ரோபயாட்டிக் கொடுத்து, வயிற்றுப்போக்கைத் தடுக்கத் தரும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து கூடுதலாக வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. அது லாக்டோபேசில்லஸ், மண் வகை அல்ல. அதிலும் பலன் லேசாகத்தான் தெரிந்தது, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அரிதாக இந்தப் பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாகியிருக்கிறது. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வேலூர் வந்து தங்கியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு அந்தப் பணத்தில் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போடுங்கள், நிமோனியா ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்தக் கேப்சூலும் ஈடுகட்டாது.

இன்னொன்று, அம்மா கழனி வேலைக்குப் போகிறவரா? ஈர மண்ணில் மெலியாய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியாவும் இருக்கிறது, அது அதிகம் தாக்குவது சர்க்கரை நோயாளிகளைத்தான். மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்க விடாதீர்கள், காலில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். காய்ச்சல் விடாமல் அடித்தால், கழனியில் வேலை செய்கிறவர் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.