காவலர்களைக் கூட்டினால் புலிகள் பெருகிவிடாதா?

"புலிகள் காப்பகங்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்களைக் கூட்டினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது என்பது என் எண்ணம்.

நான் யாழ்ப்பாணத்தவன். குடாநாட்டில் காடு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. புலி என்றதும் இங்கே யாருக்கும் விலங்கு நினைவுக்கு வருவதும் இல்லை. வரிப்புலி இலங்கைக் காடுகளில் கிடையாது. எங்களுக்கு வாய்த்தது சிறுத்தை. இருந்தும் இதில் வாய் திறப்பதற்குக் காரணம், சின்ன வயதில் நான் தின்ற மான் வற்றல்.

வன்னியிலிருந்து மாமா வந்தால் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றும் வரும். அம்மா அதைப் பொரித்துவிட்டால் அன்று எனக்குச் சோற்றுக்கு வேறு கறி வேண்டாம். அந்த மான் எப்படிச் செத்தது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. வளர்ந்த பிறகு நான் கேட்டேன். சில நேரம் கட்டுத்துவக்கு, அதாவது விலங்கு இடறினால் தானாக வெடிக்கும் பொறித் துப்பாக்கி, பெரும்பாலும் கம்பிச் சுருக்கு என்றார் மாமா.

விலங்குகள் நடக்கும் தடத்தில் சுருக்கைக் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடலாம். பன்றிக்கு வைத்தது மானைப் பிடிக்கும், சிறுத்தையையும் பிடிக்கும். 2020 மே மாதம் இலங்கை மலையகத்து நல்லதண்ணியில் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை ஒன்று, மீட்டுச் சிகிச்சை அளித்தும் பிழைக்கவில்லை. சுருக்கில் மானே அகப்பட்டாலும் இழப்பு அதை இரையாக்கும் விலங்குக்குத்தான். ஒரு புலி உயிர்வாழ ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான்களாவது வேண்டும். அவை குறைந்தால் அது மாட்டுப் பட்டியைத் தேடி வரும். மாட்டை இழந்தவன் மிச்ச இறைச்சியில் நஞ்சு வைப்பான். அதை எந்தக் காவலர் தடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் போனேன். புலி கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது நாயுண்ணி! எங்கள் வேலியோரத்தில் அழகாகப் பூத்து நிற்கும் அதே செடி. அங்கே உண்ணிச்செடி என்கிறார்கள். அது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. புல் இல்லாத இடத்தில் மானுக்கு என்ன வேலை? வெட்டினாலும் எரித்தாலும் தழைத்துவிடும் என்பதால் வேரோடு பிடுங்க வேண்டும். காவலைப் போல இதுவும் புலி காக்கும் வேலைதான், ஆனால் யாரும் படம் எடுப்பதில்லை.

2006இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள் 2022 கணக்கெடுப்பில் 3,682 ஆயின. காவலர்கள் இல்லாமல் இது நடந்திராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்டோரத்து மனிதர்களின் பொறுமையும் வேண்டும். நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற புலியை, தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடியினரின் துணையோடு மூன்று வாரம் தேடி, 2021 அக்டோபரில் முதுமலைப் பக்கம் உயிரோடு பிடித்தார்கள். 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்துக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை ஊரார் அடித்தே கொன்றார்கள். அந்தப் படங்களைப் பார்த்து யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கொதித்தோம். கொதித்தவர்களில் எத்தனை வீடுகளுக்கு வன்னிப் பொட்டலம் வந்துகொண்டிருந்ததோ!

மாமாவிடம் வற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம்தான். இப்போது பருவத்துக்குப் பாலைப்பழம் மட்டும் கொண்டு வருகிறார்.