ஃபெரோசிமெண்ட் என்றால் என்ன? ஒரு அங்குலக் கனத்தில் சுவர் எப்படி நிற்கிறது?

மெல்லிய கம்பிகளால் கூடு கட்டி, அதன் மேல் கோழிவலையை இரண்டு மூன்று அடுக்காகப் போர்த்தி, ஜல்லி சேர்க்காத சிமெண்ட் கலவையை அழுத்திப் பூசுவதுதான் ஃபெரோசிமெண்ட். பெரும்பாலும் சென்ட்ரிங் பலகை தேவைப்படாது. 1848இல் பிரான்சில் லாம்போ என்பவர் இந்த முறையில் ஒரு படகையே செய்துவிட்டார்!

சிமெண்ட் அழுத்தத்தைத் தாங்கும்; இழுத்தால் விரிசல் விடும். வலை நெருக்கமாக இருப்பதால் இழுப்பு ஓரிடத்தில் சேராமல் பரவுகிறது. பெரிய வெடிப்புக்குப் பதில் மயிரிழைக் கீறல்கள்தான் வரும். சாணம் மெழுகிய முறம் மாதிரி: பின்னலும் பூச்சும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

வீட்டில் செய்வதானால் சின்னத் தொட்டி, தடுப்புச் சுவர் என்று தொடங்குங்கள். 1 பங்கு சிமெண்டுக்கு 2 பங்கு சலித்த மணல், தண்ணீர் குறைவாக. ஒருவர் பின்னால் பலகையைப் பிடிக்க, இன்னொருவர் முன்னாலிருந்து கரண்டியால் அழுத்த வேண்டும். உள்ளே இடைவெளி விட்டால் அங்கேதான் கம்பி துருப்பிடிக்கும். அப்புறம் ஈரச் சாக்கு போர்த்தி இரண்டு வாரம் நனைக்க வேண்டும். பலரும் சோம்பல்படுவது இதில்தான்.

பூச்சைக் கனமாக்கினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். வலை சேர்க்காமல் கனத்தை மட்டும் ஏற்றினால் எடையும் விரிசலும்தான் கூடும்.